பொன்னாடை வேண்டா; பத்து நாள் தருக!

ஆடித் திங்களில் சங்கரன்கோயில் மக்கள் வெள்ளத்தில் மூழ்கும். கோமதியம்மையின் தவசுக் கோலத்தைக் காணத் தென்பாண்டி நாட்டுச் சிற்றூர்களினின்றெல்லாம் மக்கள் வண்டி வண்டியாக வந்திறங்குவர். அரனையும் அரியையும் ஓருருவிற் காண விழைந்த அம்மை, புன்னைவனத்தில் தனித்திருந்து தவமியற்றினாள் என்பது கோயிற்கதை. கதையை நம்புவார் நம்புக; நம்பாதார் விடுக. அதனுள் பொதிந்து கிடக்கும் கருத்தொன்று இரு சாரார்க்கும் பொதுவானது. அரியதொன்றைக் காண விழைவோர், மனையினின்றும் சந்தடியினின்றும் சில நாள் விலகித் தனித்திருத்தல் வேண்டும் என்பதே அது.

இக்கருத்துக்கு ஆண்டுதோறும் விழாவெடுக்கும் இவ்வூரிலேதான், 1902ஆம் ஆண்டு பிப்பிரவரி 7ஆம் நாள், மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் பிறந்தார். தமிழ்ச் சொற்களின் வேரைக் காண்பதே வாழ்வெனக் கொண்ட அப்பெருமகனார்க்கு, அவ்வேரை அகழ்ந்தெடுக்கத் தனித்திருக்கும் இடமொன்றைத் தமிழர் தந்தனரா? தந்தனர் எனின், எத்தனை ஆண்டு கழித்துத் தந்தனர்? இன்று தமிழில் நூலெழுத விழையும் ஆசிரியர்க்கேனும் அத்தகைய இடம் உண்டா? தமிழ்நலம் பேசுவோர் ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டு விடையிறுக்க வேண்டிய வினாக்கள் இவை.

இடமின்றி உழைத்த ஞாயிறு

பாவாணர் வாழ்க்கையை ஊர்ப்பெயர்களாலேயே எழுதிவிடலாம். சங்கரன்கோயிலிற் பிறந்து, இளமையிலேயே தாய்தந்தையரை இழந்து, பிறர் துணையாற் கற்று, ஆம்பூரில் ஆசிரியராய் அமர்ந்து, சென்னை, மன்னார்குடி, திருச்சிராப்பள்ளி எனப் பள்ளிதோறும் மாறினார். 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியிலும், 1956 முதல் 1961 வரை அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலும் பணியாற்றினார். அப்பணியும் நீங்கியபின் காட்டுப்பாடியிற் குடியிருந்தார்.

‘ஒப்பியன் மொழிநூல்’ 1940இல் வெளிவந்தபோது அவர் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர். வகுப்பும் வினாத்தாளும் விடைத்தாளும் போக எஞ்சிய பொழுதே அவர் எழுதும் பொழுது. ‘தமிழ் வரலாறு’, ‘வடமொழி வரலாறு’ ஆகிய பெருநூல்கள் 1967இல் வெளிவந்தபோதோ, அவர்க்கு எந்தக் கல்லூரியிலும் இருக்கை இல்லை. ஆகவே, பணி இருந்தபோது பொழுதில்லை. பொழுது கிடைத்தபோது பொருளில்லை. இவ்விரண்டிற்கும் இடையே நெருக்குண்டே அத்துணை நூல்களும் பிறந்தன.

சொற்பிறப்பியல் அகரமுதலி என்பது ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஓய்ந்த நேரத்தில் முடிக்கத்தக்க பணியன்று. இதனை உணர்ந்து, பாவலரேறு பெருஞ்சித்திரனார் தம் தென்மொழி வாயிலாகத் தமிழன்பரிடம் திங்கள்தோறும் பொருள் திரட்டி அப்பணிக்கு வழிகோலினார். அதன் பின்னரே அரசின் கண் திறந்தது. 1974ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், தமிழ்நாட்டரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்குப் பாவாணரை இயக்குநராக அமர்த்தியது. அப்போது அவர்க்கு அகவை 72. பிறர் ஓய்வூதியம் பெற்று ஓய்ந்து கிடக்கும் அகவையில் அவர்க்கு முதன்முதலாக இடம் கிடைத்தது. 1981 சனவரியில் மதுரை ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டிற்குச் சென்றவர், அத்திங்களிலேயே அங்கு மறைந்தார். தமிழ்நாடு அவர்க்குத் தந்த காலம் முழுமையாக ஏழாண்டுகூட இல்லை. அகரமுதலியின் முதற்பகுதி அச்சேறி வெளிவந்தது 1985இல். அதனைக் காண அவர் இல்லை.

இவரோடு ஒப்புநோக்கத்தக்கவர் ஆங்கிலப் பேரகரமுதலியின் ஆசிரியர் சேம்சு மரே. அவரும் பள்ளியாசிரியரே. இலண்டனை அடுத்த மில்கில் பள்ளியிற் கற்பித்துக்கொண்டே 1879இல் அப்பணியை ஏற்றார். ஏற்றவுடன் அவர் செய்த முதற்பணி என்ன? பள்ளி வளாகத்தில் இரும்புத் தகட்டாலான கொட்டகை ஒன்றை எழுப்பினார். சொற்சீட்டுகளை அடுக்கி வைக்கச் சுவரெங்கும் சிற்றறைகள் அமைத்தார். அதற்கு எழுத்தகம் என்னும் பொருள்படப் பெயருமிட்டார். 1885இல் ஆக்சுபோர்டுக்குக் குடிபெயர்ந்தபோது தம் வீட்டுத் தோட்டத்தில் மீண்டும் அத்தகைய கொட்டகையொன்றை எழுப்பினார். 1915இல் மரே மறைந்தார். அகரமுதலி நிறைவெய்தியது 1928இல். அவரும் நிறைவைக் காணவில்லை. ஆயினும் வேற்றுமையை நோக்குக! அவர் அகரமுதலிப் பணி ஏற்றது 42ஆம் அகவையில். பாவாணர் இயக்குநரானது 72ஆம் அகவையில். இடையிலுள்ள முப்பதாண்டைத் தமிழுக்கு இழப்பித்தவர் யார்? ஆரியரை மட்டும் சுட்டிவிட்டு அமைய முடியாது. அம்முப்பதாண்டும் வாளா இருந்த தமிழரும் இப்பழிக்குப் பங்காளிகளே.

அவர் மறைந்தபின் குறையொன்றுமில்லை. சென்னை அண்ணா சாலையிலுள்ள மாவட்ட மைய நூலகம் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. மதுரையில் மணிமண்டபம் எழுந்துள்ளது. 2006இல் நடுவணரசு அஞ்சல்தலை வெளியிட்டது. இவை யாவும் நன்றே. எனினும், அஞ்சல்தலையால் ஒரு சொல்லின் வேரும் விளங்காது. மண்டபத்தால் ஓரேடும் எழுதப்படாது. வாழும் அறிஞர்க்கு நாளைத் தராமல், மறைந்த அறிஞர்க்குக் கல்லைத் தருவதே தமிழர் வழக்கமாகிவிட்டது.

எழுத்துறையுள் என்பது யாது?

மேலை நாடுகளில் கல்வியாளர்க்கென உறைவிட எழுத்திருக்கைகள் நடைபெறுகின்றன. கல்லூரி ஆசிரியர் சிலர் ஊர்ப்புறத்து இல்லமொன்றிற் கூடுவர். இரண்டு நாளோ ஐந்து நாளோ பத்து நாளோ அங்கேயே உண்டு உறைந்து, எழுதுவதொன்றே பணியாக இருந்து, தொடங்கிய கட்டுரையையோ நூற்பகுதியையோ முடித்துக்கொண்டு திரும்புவர். இதற்கு ஆங்கிலர் வழங்கும் சொல், போர்க்களத்தினின்று படை பின்வாங்குதலையும் குறிக்கும். தமிழில் அச்சொல்லை அப்படியே பெயர்த்துப் பின்வாங்கல் என்றோ ஒதுக்கம் என்றோ சொல்ல வேண்டுவதில்லை. எழுதுவோன் பின்வாங்குபவன் அல்லன், முன்னேறுபவன். உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றில் உறையுள் என்பது தங்குமிடத்தைக் குறிக்கும் செந்தமிழ்ச் சொல். ஆகவே, எழுதுவதற்கென்றே உறையுமிடத்தை எழுத்துறையுள் எனலாம்.

இதன் நடைமுறை மிக எளியது. இசுக்காட்லாந்துக் கல்வியாளர் உரோவீனா மரே என்னும் அம்மையார் வகுத்த முறை பலவிடத்தும் பின்பற்றப்படுகின்றது. (அகரமுதலி மரே வேறு, இவர் வேறு.) அம்முறைப்படி, வந்தோர் அனைவரும் ஒரே அறையில் அமர்ந்து எழுதுவர். எழுதும் வேளை இதுவென்றும் ஓயும் வேளை இதுவென்றும் முன்கூட்டியே வரையறுக்கப்படும். ஒவ்வொரு வேளையும் ஒரு மணியோ ஒன்றரை மணியோ நீடிக்கும். தொடங்குமுன், இவ்வேளையில் இன்னது எழுதி முடிப்பேன் என ஒவ்வொருவரும் அருகிலிருப்பவரிடம் சொல்லுவர். முடிந்தபின், சொன்னதிற் செய்தது எவ்வளவு என்பதையும் சொல்லுவர். இணையம் அடைக்கப்படும். இவ்வளவே. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. வகுப்பறையில் மாணாக்கர்க்கு விதிக்கும் ஒழுங்கை ஆசிரியர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளுதலே இது.

தனியே எழுதவேண்டியவர் ஏன் கூடியமர வேண்டும் என்று ஐயுறலாம். சங்கரன்கோயில் இதற்கு விடை கூறும். அது தறியூர். கைத்தறியும் விசைத்தறியும் அங்கே பல குடும்பங்களின் வாழ்வு. ஒவ்வொரு நெசவாளியும் தன் தறியில் தனியேதான் நெய்கின்றான். ஆனால், தெருவே நெய்யும்போது அவன் கை சோர்வதில்லை. மேலும், கால் மணிக்கொருமுறை நெசவாளியைத் தறியினின்று எழுப்பினால் மாலையில் ஆடை இராது; அறுந்த இழைகளே இருக்கும். இழைக்கும் ஏட்டிற்கும் தமிழன் நூல் என ஒரே பெயரிட்டது வெறுமனே அன்று. இரண்டும் இடையறாத இருக்கையால் உருவாவன. இன்றைக் கல்லூரி ஆசிரியரோ கால் மணிக்கொருமுறை எழுப்பப்படுகின்றார். வருகைப் பதிவு, அறிக்கை, கூட்டம், தேர்வுப் பணி, கைபேசிச் செய்தி என அவர் இழை அறுந்துகொண்டே இருக்கின்றது.

மதிப்பெண்ணுக்கு எழுதும் மதிப்பற்ற எழுத்து

கல்லூரி ஆசிரியர் எழுதாமல் இல்லையே என்று சிலர் கேட்பர். எழுதுகின்றனர், எதற்காக எழுதுகின்றனர் என்பதே வினா. பல்கலைக் கழக நல்கைக் குழுவின் 2010ஆம் ஆண்டு நெறிமுறைகள், ஆசிரியரின் கட்டுரைகளையும் நூல்களையும் எண்ணிப் புள்ளியிட்டுப் பதவி உயர்வு வழங்கும் முறையைக் கொண்டுவந்தன. எண்ணிக்கைக்கு விலை வந்ததும் எண்ணிக்கை பெருகிற்று. பணம் பெற்றுக்கொண்டு கட்டுரை வெளியிடும் போலி இதழ்கள் காளான்போல் முளைத்தன. பத்தாண்டு ஆய்ந்து ஒரு நூலெழுதுவோன் பின்தங்கவும், பத்து நாளிற் பத்துக் கட்டுரையை ஒட்டி வெட்டியவன் முந்தவும் வழி பிறந்தது.

இதனால் தமிழுக்கு நேர்ந்த கேடு இரட்டைக் கேடு. இயற்பியலும் வேதியியலும் மருத்துவமும் பொறியியலும் கற்பிக்கும் தமிழாசிரியர் ஆங்கிலத்திலேயே எழுதுகின்றனர். தமிழில் எழுதினால் தம் துறையில் அதனை எழுத்தாக எவரும் மதியார் என்பது அவர் அச்சம். தமிழ்த்துறை ஆசிரியரோ, விரைந்து முடியும் சிறு கட்டுரைகளிலேயே ஆற்றலைச் செலவிடுகின்றனர். தமிழில் உயர்கல்வி வேண்டும் என மேடைதோறும் முழங்குகின்றோர், அக்கல்விக்கு வேண்டிய நூல்களை யார், எங்கே, எப்பொழுது எழுதுவது என்பதை எண்ணிப் பார்த்தனரா? நூலில்லாமற் பயிற்றுமொழி இல்லை. எழுதுவோர் இல்லாமல் நூலில்லை. எழுத நாளில்லாமல் எழுதுவோர் இல்லை. கொள்கை முழக்கத்தின் வேர் இங்கே, ஓர் ஆசிரியரின் ஓய்ந்த பத்து நாளிலே கிடக்கின்றது.

இந்நாட்டில் அறிஞர் உறைந்து எழுதும் இடமே இல்லை என்று சொல்லவும் முடியாது. வெள்ளையர் காலத்து அரசப் பேராளர் கோடை மாளிகையில், 1965இல் சிம்லா இந்திய உயராய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. இத்தாலியின் ஏரிக்கரை ஊராகிய பெல்லாசியோவில் அமெரிக்க இராக்பெல்லர் அறக்கட்டளை 1959 முதல் உலக அறிஞர்க்கு விருந்தோம்பி வருகின்றது. தமிழ்நாட்டில் 1970இல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும், 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகமும் தோன்றின. இவை தத்தமக்குரிய பணியைச் செய்வன. ஆனால், ஒட்டன்சத்திரத்திலோ உளுந்தூர்ப்பேட்டையிலோ கற்பிக்கும் ஓராசிரியர், கோடை விடுமுறையிற் பத்து நாள் வந்து தங்கித் தம் நூலை முடித்துச் செல்வதற்கென அமைந்தவை அல்ல. அவர்க்குச் சிம்லாவும் எட்டாது, பெல்லாசியோவும் எட்டாது. எட்டும் தொலைவில் ஓர் இல்லம் வேண்டும்.

பள்ளி என்னும் பழஞ்சொல்

எழுத்துறையுள் மேலையர் கண்ட புதுமை என்று மயங்க வேண்டா. சங்கரன்கோயிலினின்று கோயிற்பட்டிக்குச் செல்லும் சாலையிற் கழுகுமலை நிற்கின்றது. ஆயிரத்திருநூறு ஆண்டுக்கு முன் அங்கே சமண முனிவர் உறைந்தனர், கற்றனர், கற்பித்தனர். பாறையெங்கும் அவர் செதுக்கிய திருவுருவங்களும், அவற்றின்கீழ் வட்டெழுத்திற் பொறித்த பெயர்களும் இன்றும் காணக் கிடைக்கின்றன. அப்பெயர்களுள் குரவர் மட்டுமல்லர்; குரத்தியரும் உளர். ஆசிரியைக்குக் குரத்தி எனத் தனிச்சொல் வழங்கிய மண் இது.

படுத்துறங்கும் இடத்திற்கும் கற்கும் இடத்திற்கும் தமிழன் பள்ளி என்னும் ஒரே சொல்லை வழங்கினான். முனிவர் தங்கிய பாழியே மாணவர் கற்ற கூடமாயிற்று. தங்கிக் கற்றலும் தங்கி எழுதலும் தமிழ்மண்ணின் பழமரபு என்பதற்கு இச்சொல் ஒன்றே சான்று. பிற்காலத்திலும் இம்மரபு முற்றும் அற்றுவிடவில்லை. 1901இல் பாண்டித்துரையார் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் நிறுவிப் புலவரைப் புரந்தார். மறைமலையடிகளார் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பணியை 1911இல் துறந்து, பல்லாவரத்திற் குடியமைத்து, நூல்களைச் சூழ அடுக்கிக்கொண்டு, அம்மனையையே எழுத்தில்லமாக்கினார். அவ்வமைதியிலிருந்தே 1916இல் தனித்தமிழ் இயக்கம் பிறந்தது. இல்லம் ஒன்று இயக்கம் ஒன்றைப் பெற்றெடுத்த வரலாறு இது.

ஓருலை, ஒரு பந்தி

மரபைப் போற்றும்போது அதன் மாசையும் மறைத்தல் கூடாது. இதே நெல்லைச் சீமையில், சேரன்மாதேவியில், வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தைத் தமிழர் மறந்திருக்க முடியாது. நாட்டு விடுதலைக்கென ஊர்ப்பணம் திரட்டி நடந்த அவ்வுறைவிடத்தில், பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தியும் பிறர்க்கு வேறு பந்தியும் இடப்பட்டன. 1924, 1925ஆம் ஆண்டுகளில் அது பெரும் பூசலாக வெடித்தது. வரதராசலு நாயுடுவும் பெரியாரும் அதனைக் கண்டித்து எழுந்தனர். கற்பதும் எழுதுவதும் எத்துணை உயர்ந்தவையாயினும், அடுக்களையில் இழிவு புகுந்தால் அவ்வுறைவிடம் அழிந்தொழியும் என்பதே சேரன்மாதேவி தரும் பாடம். ஆகவே எழுத்துறையுளின் முதற்சட்டம் அதன் நூலகத்திலன்று, அதன் உலையிலேயே எழுதப்பட வேண்டும். சமைப்பவர் எவராயினும், உண்பவர் எவராயினும், ஓருலை, ஒரு பந்தி.

இரண்டாம் சட்டம் பெண்டிர் பற்றியது. கல்லூரியில் ஆடவரோடு ஒத்த பணி செய்யும் ஆசிரியை, வீடு திரும்பியபின் இன்னொரு முழுப்பணி செய்கின்றார். ஆடவர்க்கேனும் மாடியறை கிடைக்கும். அவர்க்குக் கிடைப்பது அடுக்களை. அவர் எழுதத் தொடங்கிய நூல்கள் எத்தனை பரணிற் கிடந்து செல்லரிக்கின்றனவோ! நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக் கழகக் கல்வியாளர் பார்பரா கிராண்டு என்னும் அம்மையார், இவ்வுண்மையை உணர்ந்தே பல்கலைக் கழகப் பெண்டிர்க்கெனத் தனியே உறைவிட எழுத்திருக்கைகளை நடத்தினார். தனித்திருந்து தவமியற்றிய பெண்ணுக்குத் தேரிழுக்கும் ஊர், எழுதத் தனித்திருக்க விழையும் பெண்ணுக்கு ஓரறை தர மறுக்கலாமா? தங்குவோரிற் பாதியேனும் பெண்டிராக இருத்தல் வேண்டும். கைக்குழந்தையோடு வருவார்க்கும் அங்கே இடமிருத்தல் வேண்டும்.

தடை சொல்வார்க்கு விடை

வறுமையிலும் இடரிலும்தானே பாவாணர் எழுதினார். இல்லம் கட்டினால் அறிவு வந்துவிடுமா என்று கேட்பார் உளர். இல்லம் அறிவைத் தராது, உண்மை. ஆனால், இருக்கும் அறிவை ஏட்டிலேற்ற அது உதவும். வறட்சியிலும் ஒரு பனை வளர்ந்தது என்பதற்காக வாய்க்கால் வெட்டாதிருப்பவன் உழவனல்லன். இடரிடை எழுதிய ஒருவரையே உலகம் அறியும். இடரால் எழுதாது மாய்ந்த நூற்றுவரை எவர் அறிவார்? பாவாணர் வறுமையைப் பெருமையாகப் பேசுவோர் பலர், அவ்வறுமைக்குத் தாம் செய்ய வேண்டியதைச் செய்யாமைக்கு அப்பேச்சைத் திரையாகக் கொள்கின்றனர்.

இது சுற்றுலாவாகச் சீரழியாதா என்பது அடுத்த தடை. அழியலாம். அதனால்தான் இடம் குற்றாலமன்று, சங்கரன்கோயில் எனப்படுகின்றது. அருவியும் சாரலும் கூட்டமும் எழுத்துக்குப் பகை. கரிசல் சூழ்ந்த இவ்வூரில் வேடிக்கை பார்க்க மிகுதியாக ஒன்றுமில்லை. அதுவே இதன் சிறப்பு. விருதுநகர், தென்காசி இருப்புப்பாதையில் இருத்தலால் எளிதில் வந்தடையலாம். வெயில் கடிது, அதற்கு மரநிழலும் தடித்த சுவரும் மருந்து. தங்குவோர் தாம் எழுதப் போவது இன்னதென்பதை ஓரேட்டில் எழுதிக் கொடுத்தே உள்நுழைதல் வேண்டும். முடித்தது இவ்வளவென்பதை எழுதிக் கொடுத்தே வெளியேறுதல் வேண்டும். மாலை இல்லை, மேடை இல்லை, பொன்னாடை இல்லை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை எவையும் இல்லை. எழுதுவது தமிழாக இருத்தல் வேண்டும். துறை எதுவாயினும் ஆகுக.

பொருளுக்கு எங்கே போவது என்பது இறுதித் தடை. எண்ணிப் பார்த்தால் அது மலையன்று, மண்ணாங்கட்டியே. தொடக்கத்திற் கட்டடம் வேண்டா. வாடகைக்கோர் அகன்ற வீடு போதும். நல்லுள்ளம் படைத்தவர் தம் வீட்டை வாடகையின்றித் தருவதும் அரிதன்று. பன்னிருவர் பத்து நாள் தங்கினால், ஆளுக்கு நாளொன்றுக்கு 500 உருபா எனக் கொண்டாலும், ஓர் இருக்கைக்கு 60,000 உருபா. ஆண்டுக்கு நான்கு இருக்கை நடத்தினால் 2,40,000 உருபா. தமிழன்பர் இருநூற்றுவர் திங்கள்தோறும் 100 உருபா தந்தால் ஆண்டுக்கு அதே 2,40,000 உருபா திரண்டுவிடும். ஒரு குடும்பம் ஒரு மாலையில் உணவகத்திற் செலவிடுவது இதனினும் மிகுதி. ஆண்டுக்கு நாற்பத்தெண்மர் தங்கி, அவருட் பாதிப்பேரே நூலை முடித்தனர் என வைத்துக்கொண்டாலும், பத்தாண்டில் இருநூற்று நாற்பது தமிழ்நூல்கள். எந்த மாநாடு இவ்விளைவைத் தந்துளது?

அரசு செய்யட்டும் என்று காத்திருப்பாரும் உளர். அரசு செய்தால் நன்றே. செய்யுமாறு வற்புறுத்தவும் வேண்டும். ஆயினும் அகரமுதலிப் பணியில், எளியோர் திங்கட்காசே முதலில் வந்தது. அரசாணை பின்னர் வந்தது. பள்ளியாசிரியரும் எழுத்தரும் கடைக்காரரும் தம் சம்பளத்திலிருந்து அனுப்பிய சிறுதொகையே பெருந்திட்டத்தின் விதையாயிற்று. அவ்வரிசையில் நின்றோர் பிள்ளைகளும் பெயரர்களும் இன்று அவரினும் வளமாகவே வாழ்கின்றனர். அவர்க்கு இல்லாதது பொருளன்று, முனைப்பே.

ஆண்டுதோறும் பிப்பிரவரி 7ஆம் நாள் பாவாணர் படத்திற்கு மாலை சூட்டுவோர் உளர். மாலை மறுநாள் வாடும். படம் மீண்டும் தூசி படியும். அடுத்த பிப்பிரவரிக்குள் சங்கரன்கோயிலில் ஒரு வீடு திறக்கட்டும். அதிற் பன்னிரண்டு எழுதுபலகைகள் இருக்கட்டும், ஓருலை எரியட்டும். அம்மாலைக்குச் செலவிடும் பணம் அவ்வுலைக்கு அரிசியாகட்டும். எங்கோ ஒரு சிற்றூர்க் கல்லூரியில், பாதி எழுதிய தமிழ்நூலைப் பரணில் வைத்துவிட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர் ஒருவர், அவ்வீட்டுக் கதவைத் தட்டுவார். அவர் இன்னொரு பாவாணராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அது நூல் முடிந்தபின் தெரியும். எழுபத்திரண்டு அகவை வரை அவரையும் காக்க வைத்தல் கூடாது என்பது மட்டும் இப்பொழுதே தெரியும்.